பாஸ்ட் டென்ஸ் நாக்கில் பழக எது நல்லது: அட்டவணையா, செய்தியா, நிஜச் சம்பவக் கதையா?

"நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்." தமிழில் இதில் ஒரு குறையும் கிடையாது. இதை அப்படியே தூக்கி "ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே" என்று ஆங்கிலத்தில் வைத்தால், கேட்கிறவர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். போயிருந்தீர்கள், சரி, அப்புறம் என்ன ஆச்சு? கடந்த காலத்தில் நடந்த ஒன்றுக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் ஆங்கிலத்தில் "ஹேட் கான்" வரும். அந்த இன்னொன்றைச் சொல்லாமலே விட்டால் பேச்சு பாதியில் நின்ற மாதிரி இருக்கும். "ஐ வென்ட் டு மதுரை எஸ்டர்டே" போதும்.

இதே மாதிரி இன்னும் சில உண்டு. "சின்ன வயதில் ஆற்றில்தான் குளிப்போம்" என்று எதிர்கால வினையைப் போட்டே பழைய வழக்கத்தைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு "யூஸ்ட் டு" வேண்டும். "அவர் நேற்றே வந்திருக்கிறார்" என்பது "ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே" ஆகிவிடுகிறது. எஸ்டர்டே என்று நாளைச் சொல்லிவிட்டால் அங்கே "கேம்" தான் வரும். இவை அறியாமையால் வரும் தவறுகள் இல்லை. தமிழின் காலக் கணக்கு உள்ளே நன்றாக ஊறியிருப்பதால் வருபவை. 12 வருஷம் பள்ளியில் படித்து, டென்ஸ் அட்டவணையைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிறவர், நேற்று ஆபீஸில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினால் திணறுவது இதனால்தான்.

அப்படிப்பட்ட ஒருவரை மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். வேலைக்கோ ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கோ தடங்கலில்லாமல் பேச வேண்டும். தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடியும். அந்த அரை மணியை எதில் போடுவது?

அட்டவணையும் கோடிட்ட இடமும்

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அட்டவணையை யாரும் முழுதாகத் தவிர்க்க முடியாது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் வினைகள் எவை என்று பாருங்கள். பி, ஹேவ், டூ, சே, கெட், மேக், கோ, நோ, டேக், சீ. ஒன்றுகூட "-எட்" சேர்த்தால் பாஸ்ட் டென்ஸ் ஆகிவிடும் ரகம் இல்லை. வாஸ், ஹேட், டிட், செட் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி மாறும். இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். எந்தக் கதையும் இந்த வேலையை நமக்காகச் செய்து தராது.

ஆனால் அட்டவணை அதோடு சரி. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் வினையைப் பக்கத்திலேயே கொடுத்திருப்பார்கள், "வென்" என்றோ "பிஃபோர்" என்றோ துப்பும் இருக்கும். பேசும்போது யாரும் கோடு போட்டுத் தருவதில்லை. எந்தச் சம்பவத்தை முதலில் சொல்வது, எதைப் பின்னால் தள்ளுவது என்று நாமே முடிவெடுத்த பிறகுதான் எந்த டென்ஸ் என்ற கேள்வியே வருகிறது. கோடிட்ட இடத்தில் அந்த முடிவை வேறு யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். பயிற்சித்தாளில் முழு மதிப்பெண் வாங்கியவர் வாயைத் திறந்ததும் "டிட் யூ வென்ட்" என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நிலை பிரித்த கதைப் புத்தகங்கள்

சொற்களை எண்ணி, இலக்கணத்தையும் அளந்து எழுதிய எளிய கதைப் புத்தகங்கள் நூலகங்களில் கிடைக்கும். படிக்கச் சுகமாக இருக்கும், வாசிக்கும் பழக்கமும் வரும். ஒரு சிக்கல்: கீழ் நிலைப் புத்தகங்களில் வேண்டுமென்றே சிம்பிள் பாஸ்ட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். "ஹேட்" போட்ட வாக்கியங்கள் நடு நிலைக்கு மேல் போனால்தான் தாராளமாக வரும். சிம்பிள் பாஸ்ட்டே தடுமாறுகிறவருக்கு நல்ல தேர்வு. "ஹேட்" எங்கே வரும், எங்கே வராது என்று குழம்புகிறவருக்கு இதில் அதிகம் கிடைக்காது.

செய்தி

பத்திரிகை படி, ஆங்கிலம் வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லாத நாளில்லை. பாதி சரி. கடந்த காலத்தைப் பொறுத்தவரை செய்திக்குச் சில தனி வழக்கங்கள் உண்டு, அவை தெரியாமல் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

தலைப்பு நிகழ்காலத்தில் இருக்கும். நேற்று மூழ்கிய படகுக்கு "போட் சிங்க்ஸ்" என்றுதான் தலைப்பு. பிரிட்டிஷ் செய்தி என்றால் முதல் வாக்கியம் பெரும்பாலும் பிரசன்ட் பெர்ஃபெக்டில் இருக்கும்: "எ போட் ஹேஸ் சங்க்..." இரண்டாவது வாக்கியத்தில் நேரமும் இடமும் வரும், உடனே டென்ஸ் மாறும்: "இட் லெஃப்ட் தி ஹார்பர் அட் சிக்ஸ்..." புதுச் செய்தியைப் போட்டு உடைக்க "ஹேஸ்", விவரத்துக்குள் இறங்கியதும் சிம்பிள் பாஸ்ட். நாம் பேசும்போதும் இதே வரிசைதான் வேண்டும். "ஐ ஹேவ் லாஸ்ட் மை போன். ஐ லெஃப்ட் இட் இன் தி பஸ்." பிபிசியின் சிறு செய்திகளை இந்த ஒரு கண்ணோடு படித்தால், பிரசன்ட் பெர்ஃபெக்டுக்கும் சிம்பிள் பாஸ்ட்டுக்கும் உள்ள எல்லைக்கோடு வேறெதிலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. நம் ஊர் ஆங்கில நாளிதழ்கள் முதல் வாக்கியத்திலேயே "ஆன் மண்டே" என்று கிழமையைப் போட்டுவிடுவதால் அங்கே நேராகச் சிம்பிள் பாஸ்ட்தான்.

அமெரிக்கப் பேச்சில் இந்தக் கோடு இன்னும் இளகியது. "ஹேவ் யூ ஈட்டன் யெட்?" என்று பிரிட்டிஷ்காரர் கேட்கும் இடத்தில் அமெரிக்கர் "டிட் யூ ஈட் யெட்?" என்று கேட்பார். இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

செய்தியின் குறை, அது நீளமாகக் கதை சொல்லாது. நாலு பத்தியில் முடிந்துவிடும். திரும்பச் சொல்லிப் பார்க்க அதில் சதை இல்லை.

மேடையில் சொல்லும் சொந்தக் கதைகள்

தி மாத் என்ற அமைப்பு 1997 முதல் நியூயார்க்கில் மேடை போட்டு, மனிதர்கள் தங்கள் வாழ்க்கைக் கதையைக் காகிதம் பார்க்காமல் சொல்ல வைக்கிறது. 2003 இல் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ், சாதாரண ஆட்கள் இருவரை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்கிறது. அந்தப் பதிவுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் சேமிக்கப்படுகின்றன. இரண்டுமே இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. கேட்டால் விடமாட்டீர்கள், அவ்வளவு ருசி.

டென்ஸ் படிக்க இவற்றை முதலில் எடுக்க வேண்டாம் என்பேன். காரணம், வாய்க்கதை சூடுபிடித்ததும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் சட்டென்று நிகழ்காலத்துக்குத் தாவுவார்கள். "சோ ஐம் ஸ்டேண்டிங் தேர், அண்ட் ஹி சேஸ்..." என்று நேரில் நடப்பது போலச் சொல்வார்கள். நம்மூரிலும் "நான் நிக்கிறேன், அவன் வர்றான்" என்று கதை சொல்வோமே, அதேதான். அனுபவம் உள்ள காதுக்கு அது அழகு. "-எட்" எங்கே போடுவது என்று தேடிக்கொண்டிருக்கிறவருக்கு அது பள்ளம். போதாததற்கு, வேகமாகப் பேசும்போது "வாக்ட் டு" என்பதில் நடுவில் இருக்கும் "ட்" காதில் விழவே விழாது.

உச்சரிப்புக்கு மட்டும் இவை தங்கம். "வாக்கெட்", "லுக்கெட்" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அது "வாக்ட்", "லுக்ட்" என்று ஒரே அசையில் முடிவது காதுக்குப் புரியும். "வான்டட்", "நீடட்" மாதிரி, மூல வினை (வான்ட், நீட்) "ட்" ஓசையில் முடியும்போதுதான் தனி அசை வரும்.

நிஜச் சம்பவங்கள்: விபத்தும் மீட்பும்

என் ஓட்டு இதற்குத்தான். ஒரு விபத்தையோ மீட்பையோ சொல்லும்போது மூன்று விஷயங்கள் தவிர்க்க முடியாமல் வந்துவிடும். அடுத்தடுத்து என்ன நடந்தது என்பது சிம்பிள் பாஸ்ட். அது நடந்தபோது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது பாஸ்ட் கன்டினியூவஸ். அதற்கு முன்பே எது தவறிப்போயிருந்தது என்பது பாஸ்ட் பெர்ஃபெக்ட். காரணம் தேடிப் பின்னோக்கிப் போகும் கதையில்தான் "ஹேட்" தன் இயல்பான இடத்தில் உட்காரும். காதல் கதையிலோ நீதிக்கதையிலோ அது வந்தாலும் வரும், வராமலும் போகும்.

எந்தச் சம்பவம்? மூன்றை வைத்துப் பார்க்கலாம்.

2009 ஜனவரி 15. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் 1549, மேலே ஏறிக்கொண்டிருந்தபோது வாத்துக் கூட்டத்தில் மோதியது. இரண்டு எஞ்சின்களும் விசை இழந்தன. கேப்டன் சல்லன்பெர்கர் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். பறவை மோதியதிலிருந்து ஆற்றில் இறங்கியது வரை நாலு நிமிஷம்கூட இல்லை. சின்னக் கதை, நேர்க்கோட்டில் போகிறது. "தி பிளேன் வாஸ் கிளைம்பிங் வென் இட் ஹிட் தி பேர்ட்ஸ்" என்ற ஒரு வாக்கியம் நாக்கில் நின்றுவிட்டால் பாஸ்ட் கன்டினியூவஸ் விளக்கம் எதுவும் தேவையில்லை. விசாரணையில் சிமுலேட்டரில் சோதித்துப் பார்த்தார்கள். உடனே திரும்பியிருந்தால் விமான நிலையத்தை எட்டியிருக்கலாம், யோசிக்க 35 விநாடி கொடுத்தால் எட்ட முடியாது என்று தெரிந்தது. ஆக "இஃப் தே ஹேட் டர்ண்ட் பேக்..." என்ற கண்டிஷனலுக்கும் இடம் இருக்கிறது. இருந்தாலும் பாஸ்ட் பெர்ஃபெக்ட் குறைவு. தொடக்கத்துக்கு நல்லது.

இரண்டாவது அப்பல்லோ 13. இது மேல்நிலை. 1970 ஏப்ரல் 11 இல் கிளம்பிய விண்கலத்தில் 13 ஆம் தேதி ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. வெடித்தது அன்றைக்கு, காரணங்கள் எல்லாம் அதற்கு ரொம்ப நாள் முன்பு. தொட்டியை முன்பொரு முறை தொழிற்சாலையில் கீழே நழுவவிட்டிருந்தார்கள். அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சுவிட்ச் 28 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டிருந்தது, ஏவுதளத்தில் 65 வோல்ட் கொடுத்திருந்தார்கள். சோதனையின்போது ஒயர்களின் உறை தீய்ந்துபோயிருந்தது. "ஹேட் பீன் டிராப்ட்", "ஹேட் பீன் டிசைன்ட்", "ஹேட் பீன் டேமேஜ்ட்" என்று வரிசையாக வரும். செயப்பாட்டுவினையில் பாஸ்ட் பெர்ஃபெக்ட் பழக இதைவிட நல்ல சம்பவத்தை நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு குட்டி விஷயம். "ஹியூஸ்டன், வீ ஹேவ் எ ப்ராப்ளம்" என்று தரைக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் சொன்னதாக வரும் வாசகம் உலகப் பிரசித்தம். அது இதே சம்பவத்தை வைத்து 1995 இல் வந்த படத்தின் வசனம். விண்கலத்திலிருந்து ஸ்விகர்ட்டும், அடுத்து லவலும் உண்மையில் சொன்னது "ஹியூஸ்டன், வீவ் ஹேட் (வீ ஹேவ் ஹேட்) எ ப்ராப்ளம்." பிரசன்ட் பெர்ஃபெக்ட். இப்போதுதான் ஏதோ நடந்தது, அதன் விளைவு இன்னும் நம் கையில் இருக்கிறது என்ற பொருள். வெறும் "வீ ஹேட்" என்றால் முடிந்த கதை. "வீ ஹேவ்" என்றால் இப்போதைய நிலைமை மட்டும். படத்துக்கு நிகழ்காலம்தான் சூடாக இருந்தது போல. இலக்கணம் படிக்கிறவருக்கு விண்வெளி வீரர்கள் சொன்னதே மேல்.

மூன்றாவது, தாய்லாந்தின் தாம் லுவாங் குகை. 2018 ஜூன் 23 அன்று கால்பந்துப் பயிற்சி முடித்த 12 பையன்களும் அவர்களுடைய உதவிப் பயிற்சியாளரும் குகைக்குள் போனார்கள். மழை கொட்டியது, தண்ணீர் ஏறி வழியை அடைத்தது. ஜூலை 2 ஆம் தேதி, பிரிட்டிஷ் குகை முக்குளிப்பு வீரர்கள் ஸ்டான்டனும் வொலான்தனும் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஜூலை 6 இல் முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான் மீட்புப் பணியில் உயிரிழந்தார். 8 முதல் 10 வரை மூன்று நாளில் 13 பேரையும் வெளியே கொண்டுவந்தார்கள். மூன்றில் ஒன்றைத்தான் எடுப்பேன் என்கிறவருக்கு இதையே சொல்வேன். ஊரே டிவியில் பார்த்த கதை, தொழில்நுட்பச் சொற்கள் அதிகம் இல்லை, தேதிகள் தெளிவு. முக்கியமாக, இதை எந்த இடத்திலிருந்தும் சொல்லத் தொடங்கலாம்.

அந்தக் கடைசிக் குணத்தை வைத்துத்தான் பயிற்சி. ஒரே கதையை மூன்று வாசல் வழியாகச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் ஜூன் 23 இலிருந்து, நடந்த வரிசையில். "தி பாய்ஸ் ஃபினிஷ்ட் பிராக்டிஸ். தே வென்ட் இன்டு தி கேவ். இட் ரெய்ன்ட். தி வாட்டர் ரோஸ்." முழுக்கச் சிம்பிள் பாஸ்ட். ஒரு "ஹேட்" கூடத் தேவையில்லை. தேவையில்லை என்பதை வாய் உணர வேண்டும்.

அடுத்து, குகை வாசலில் சைக்கிள்கள் கிடப்பதைப் பார்த்த ஊழியரிடமிருந்து தொடங்குங்கள். "எ வொர்க்கர் சா சம் பைசிக்கிள்ஸ். இட் வாஸ் ரெய்னிங். தி பாய்ஸ் ஹேட் கான் இன், பட் தே ஹேடன்ட் கம் அவுட்." அதே "வென்ட்", இப்போது "ஹேட் கான்". சம்பவம் மாறவில்லை, நாம் நிற்கும் இடம்தான் மாறியது.

மூன்றாவது, ஜூலை 2, இருட்டில் டார்ச் வெளிச்சம் பையன்கள் மேல் விழும் நொடி. அன்றைய வீடியோவில், இன்று என்ன கிழமை என்று பையன்கள் கேட்க, திங்கள் என்று பதில் வருகிறது. தொடர்ந்து "யூ ஹேவ் பீன் ஹியர் டென் டேஸ்" என்கிறார் முக்குளிப்பு வீரர். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அதனால் "ஹேவ் பீன்". அதையே இன்று நாம் கதையாகச் சொன்னால், "தே ஹேட் பீன் தேர் ஃபார் டென் டேஸ் வென் தி டைவர்ஸ் ஃபவுண்ட் தெம்." பாறையில் சொட்டிய தண்ணீரைக் குடித்திருந்தார்கள்: "தே ஹேட் டிரங்க்..." வழி தேடிச் சுவரைக் கல்லால் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்: "தே ஹேட் பீன் டிக்கிங்..." பாடப்புத்தகத்தில் பயமுறுத்தும் பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் இங்கே தானாக வந்து நிற்கிறது.

இந்தப் பயிற்சியில் இரண்டு எச்சரிக்கை. பின்னோக்கிப் போனதும் எல்லா வினைக்கும் "ஹேட்" மாட்ட வேண்டியதில்லை. ஒன்றிரண்டு முறை போட்டு, கேட்கிறவரைப் பழைய நாளுக்குக் கூட்டிப்போய்விட்டால், அதற்கப்புறம் சிம்பிள் பாஸ்ட்டிலேயே நடக்கலாம். தொடர்ந்து "ஹேட், ஹேட்" என்றால் அரசாங்க அறிக்கை வாடை அடிக்கும். இன்னொன்று, "ஆஃப்டர்", "பிஃபோர்" போட்டு வரிசையைத் தெளிவாக்கிவிட்டால் "ஹேட்" இல்லாமலும் ஓடும். "ஆஃப்டர் ஹி லெஃப்ட், ஐ ஏட்" என்பதில் எந்தத் தவறும் இல்லை.

எங்கே படிப்பது? விபத்து விசாரணை அறிக்கைகள் இலவசம், ஆனால் நூற்றுக்கணக்கான பக்கம், வறட்டு நடை. சிம்பிள் இங்கிலீஷ் விக்கிப்பீடியாவில் தொடங்கி வழக்கமான ஆங்கில விக்கிப்பீடியாவுக்குப் போவது போதும். ஆவணப்படம் பார்ப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள்: பின்னணிக் குரல் பல நேரம் நிகழ்காலத்தில் ஓடும், பேட்டி கொடுக்கும் ஆட்கள்தான் கடந்த காலத்தில் பேசுவார்கள். பேட்டியைக் கேளுங்கள்.

சொந்தக் கதையா, வகுப்பா?

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை கொடுத்து, ஒரு நிமிஷம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிஷம் வரை பேசச் சொல்வார்கள். உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல் என்ற வகை அடிக்கடி வரும். அதற்குச் சொந்தக் கதை சொல்லிப் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் அதிலேயே தொடங்கினால், சொல்வது சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி எதுவும் இருக்காது. குகைக் கதைக்கு இணையத்தில் நூறு பேர் எழுதிய சரியான ஆங்கிலம் இருக்கிறது. உங்கள் அக்கா கல்யாணத்தில் கரன்ட் போன கதைக்கு இல்லை. முதலில் அது, பிறகு இது.

திருத்த ஆள் இல்லையென்றால் ஏஐ சாட்பாட்டிடம் கொடுக்கலாம். டென்ஸ் தவறுகளை மட்டும் காட்டு, நடையைத் தொடாதே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் பத்தியையே அது புதிதாக எழுதித் தந்துவிடும், நீங்கள் எங்கே சறுக்கினீர்கள் என்றே தெரியாது. எழுதியதை மட்டும் காட்டாமல், போனில் பேசிப் பதிவு செய்து கேட்பதும் அவசியம். "டிட் வென்ட்" எழுத்தில் வராது, பேச்சில்தான் எட்டிப் பார்க்கும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா என்றால், முதல் நாளே ஒன்று கேளுங்கள்: ஒரு வகுப்பில் நான் எத்தனை நிமிஷம் பேசுவேன்? முப்பது பேர் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் பலகையில் 12 டென்ஸும் எழுதிப்போடும் வகுப்பு என்றால் அது மேலே சொன்ன அட்டவணைதான், கட்டணம் மட்டும் கூடுதல்.

பள்ளிப் பிள்ளைக்கு என்றால் குகையும் விண்கலமும் வேண்டாம், கிரிக்கெட் போதும். 1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்தியா 183 ரன்னில் ஆல் அவுட், வெஸ்ட் இண்டீஸ் 140 இல் சுருண்டது. "கபில் ரன் பேக்" என்று சொன்னால் "ரேன்" என்று பிள்ளையே திருத்தும், ஏனென்றால் அந்தக் கேட்ச் அதற்குத் தெரியும். 33 ரன் எடுத்து அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த ரிச்சர்ட்ஸ் அந்தக் கேட்சில்தான் அவுட்டானார்: "ரிச்சர்ட்ஸ் வாஸ் பேட்டிங் வெல் வென்..." அதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பையையும், 1975, 1979, வெஸ்ட் இண்டீஸ் ஜெயித்திருந்தது: "வெஸ்ட் இண்டீஸ் ஹேட் வன் தி ஃபர்ஸ்ட் டூ." நேரடி வர்ணனையைத் தவிர்த்து, மறுநாள் வரும் ஆட்டச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள், வர்ணனை பெரும்பாலும் நிகழ்காலம்.